"ஓசி அதிகாரம்" என்று எழுதியவர்களுக்கு

நான் உறுப்பினராக இருக்கிற கன்சர்வேஷன் கமிஷன், அதாவது ஈரநிலத்துக்குப் பக்கத்தில் கட்ட அனுமதி கேட்பவர்களின் மனுக்களை முடிவு செய்கிற நம் ஊர்க் குழு, செவ்வாய்க்கிழமை இரவு நடத்திய கூட்டத்தின் அந்த இரண்டு நிமிட வீடியோ உங்களில் பாதிப் பேருக்கு வந்து சேர்ந்திருக்கும். மூன்று மணி நேரக் கூட்டத்தில் நான் பேசிய துண்டை மட்டும் வெட்டி எடுத்து, "நம்ம ஆளுக்கே ஆப்பு வைத்த நம்ம அக்கா" என்று தலைப்பும் கொடுத்து, நம் ஊர்த் தமிழ் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். கீழே வந்ததையெல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். "ஓசி அதிகாரம்." "வேலை வெட்டி இல்லாத கூட்டம்." "எவ்வளவு வாங்கினாங்களோ." அந்தக் கடைசி வரிக்குப் பதினான்கு பேர் சிரித்திருந்தார்கள். அதில் ஆறு பேர் எங்கள் வீட்டில் கைநனைத்தவர்கள்.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

வீட்டில் நீச்சல் குளம் கட்ட நம் தமிழர் ஒருவர் போட்ட மனுவில் நாங்கள் எடுத்த முடிவைப் பற்றித்தான் இத்தனையும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 10 வேலை நாள் அவகாசம் உண்டு. அதனால் அதன் உள்விவரத்துக்குள் போக மாட்டேன். அவர் பெயரையோ தெருவையோ இங்கே யாரும் எழுத வேண்டாம், எழுதினால் நீக்கிவிடுவேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா? கேட்டார். ஈரநிலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் கூடாது, வீட்டுப் பக்கமாகத் தள்ளி வேறு வரைபடம் கொண்டுவாருங்கள் என்றோம். ஏழு பேரில் ஆறு பேர் அப்படி வாக்களித்தோம். நடந்தது அவ்வளவுதான்.

எவ்வளவு வாங்கினோம் என்று கேட்டீர்கள். ஒரு டாலர்கூட வாங்கவில்லை. கன்சர்வேஷன் கமிஷன், இங்கே எல்லாரும் சொல்கிற மாதிரி கான்காம், சம்பளமில்லாத வேலை. 1957-இல் இந்த மாநிலம்தான் முதன்முதலில் இதற்குச் சட்டம் போட்டது. மாசசூசெட்ஸில் 351 ஊர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கமிஷன். மூன்று முதல் ஏழு பேர் வரை, மூன்று வருடத்துக்கு நியமனம். எங்கள் குழுவில் ஒரு பிளம்பர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வருகிற ஒரு நர்ஸ். மனுவோடு கட்டுகிற பணம் ஊருக்கும் மாநிலத்துக்கும் போகிறது. எங்களுக்கு ஒரு கப் காபி வேண்டுமென்றாலும் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுபோக வேண்டும்.

வேலை வெட்டி இல்லாதவர்கள் என்றும் சொன்னீர்கள். எனக்கு முழுநேர வேலை இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், மாமியாருக்கு டயாலிசிஸ் இருக்கிறது. கூட்டத்துக்கு முந்தின வாரம் பிள்ளைகள் படுத்த பிறகு சாப்பாட்டு மேசையில் எண்பது, தொண்ணூறு பக்கம் படிக்கிறேன். சனிக்கிழமை காலையில் நீங்கள் தூங்கி எழும் நேரத்துக்கு நான் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு யாரோ ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் சேற்றில் நிற்கிறேன். ஆறு வருடமாக.

அங்கே என்ன செய்கிறோம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மனுதாரர் அமர்த்திய நிபுணர், ஈரநிலம் எங்கே முடிகிறது என்று மரங்களில் ரிப்பன் கட்டி வைத்திருப்பார். அது சரியா என்று நாங்கள் பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் சாதாரண மேப்பிள் காடு. ஆகர் என்று ஒரு கருவி, கையால் திருகி மண்ணுக்குள் இறக்கி மெதுவாக மேலே இழுப்போம். மேல்மண் கரும்பழுப்பாக வரும். அதற்குக் கீழே சிமென்ட் நிறத்தில் சாம்பல் களிமண், நடுநடுவே துருப்பிடித்த ஆணி மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள். தண்ணீர் மாதக்கணக்கில் நின்றால் காற்று போகாமல் மண்ணிலிருக்கும் இரும்பு கரைந்து நிறம் போய்விடும். வேர் வழியாகக் கொஞ்சம் காற்று போன இடம் மட்டும் துருவாக நிற்கும். அதை ஒரு வண்ண அட்டையோடு வைத்துப் பார்ப்போம். ஆகஸ்ட் மாதத்தில் நிலம் காய்ந்து கிடந்தாலும் மண் பொய் சொல்லாது. போன வருடம் ஒரு வீட்டுக்காரர், "இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், ஒரு நாளும் தண்ணீர் நின்றதில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேசப் பேச ஆகர் குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறி ஏறியது. அப்புறம் அவரே குனிந்து பார்த்தார்.

"ஒரே ஒரு குளத்தால் ஊர் முழுகிவிடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முழுகாது. ஒரு குளத்தால் எந்த ஊரும் முழுகியதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு குளம்தானே, ஒரு ஷெட்தானே, ஒரு லோடு மண்தானே என்றுதான் வருகிறார்கள். இருநூறாவதாக வருபவரும் அதையேதான் சொல்வார். அப்போது அவரிடம் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது?

போஸ்டன் வழியாக ஓடுகிற சார்லஸ் நதியின் விஷயம் இங்கே இருக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? 1955-லும் 1968-லும் வெள்ளம் வந்தது. அணை கட்டலாமா என்று ராணுவப் பொறியாளர்கள் வந்து கணக்குப் பார்த்தார்கள். நதியின் மேல்பகுதியில் இருக்கிற சதுப்புகளே வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடுகின்றன, அவற்றைக் காப்பாற்றுவதே மலிவு என்று தெரிந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 1974-இல் அனுமதி கொடுக்க, 17 இடங்களில் 8,000 ஏக்கருக்கும் மேல் சதுப்பை வெள்ளத்தடுப்புக்கென்றே வாங்கியும் உரிமை எழுதி வாங்கியும் பத்திரப்படுத்தினார்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது. நம் குழுவில் கணக்குப் போடத் தெரியாதவர்கள் யார்? எல்லாரும் இன்ஜினியர்கள்.

சரி, என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இதைப் பொதுவில் எழுதியதில்லை.

அப்பா வேளச்சேரியில் எண்பதுகளில் மனை வாங்கினார். பிராவிடண்ட் ஃபண்ட் கடன், அம்மாவின் வளையல் நாலு. ஊர்ப் பெயரிலேயே ஏரி என்று காதில் விழுகிறதே என்று தாத்தா மட்டும் முணுமுணுத்தாராம். பத்திரம் இருந்தது, பட்டா இருந்தது, எல்லா இடத்திலும் முத்திரை இருந்தது. 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி இரவு, நான் இங்கே போஸ்டன் பக்கம் உட்கார்ந்துகொண்டு போனை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன் மூலமாகத்தான் சேதி வந்தது. கீழ்த்தளத்தில் மின்விசிறி வரைக்கும் தண்ணீர். எழுபத்தாறு வயது மனிதரை இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அம்மாவின் கல்யாணப் போட்டோக்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பா அதற்கப்புறம் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார், கடைசிவரை.

எங்களுக்குத் தெற்கே இருந்த பள்ளிக்கரணைச் சதுப்பைச் சாலையும் கட்டடமும் குப்பை மேடுமாக விழுங்கி, மிச்சமிருக்கிற துண்டைத்தான் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அப்பாவுக்கு மனை விற்றவரைவிட எனக்கு வேறொருவரைப் பற்றித்தான் நினைப்பு. அந்தக் காகிதங்கள் போன மேசைகளில் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து, "ஐயா, இது தண்ணீர் நிற்கிற இடம், வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள். அப்படி ஒருவரும் இல்லை. இருந்து, அப்பாவுக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அப்பாவும் அன்றைக்கு அவரைத் திட்டியிருப்பார். எனக்குத் தெரியும். "எவ்வளவு வாங்கினானோ" என்றுகூடச் சொல்லியிருப்பார்.

அது சென்னை, இது அமெரிக்கா என்பீர்கள். 2023 செப்டம்பரில் இதே மாநிலத்து லெமின்ஸ்டரில் சில மணி நேரத்தில் பத்து அங்குலத்தை நெருங்கி மழை கொட்டியது. சாலைகள் பிளந்ததைப் பார்த்தோமே. தண்ணீருக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

"உங்களை யார் தேர்ந்தெடுத்தது?" என்று அந்த வீடியோவிலேயே ஒருவர் கத்துகிறார். ஊர் மக்கள் ஓட்டுப் போட்ட செலக்ட் போர்டு எங்களை நியமிக்கிறது. நாங்கள் செய்தது தப்பென்றால் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம். கதவு எங்கேயும் மூடவில்லை. இதற்குமேல் என்ன வேண்டும்?

"என் நிலம், என் வரி" என்பது அடுத்தது. உங்கள் நிலம்தான். ஆனால் அதன் அடியில் ஓடுகிற தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரருடையதும்தான். நம் ஊர்க் குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர். நீங்கள் குடிப்பதும் அதைத்தான். சட்டம் ஈரநிலத்திலிருந்து 100 அடி, ஆறு என்றால் 200 அடி என்கிறது. அதற்குள் எதுவுமே செய்யாதே என்று அது சொல்லவில்லை, எங்களிடம் வந்து கேள் என்றுதான் சொல்கிறது. வருகிற மனுக்களில் பெரும்பாலானவற்றுக்கு நாங்கள் சரி என்றுதான் சொல்கிறோம், நிபந்தனைகளோடு. அந்த வீடியோக்களை யாரும் வெட்டிப் போடுவதில்லை.

வசதியானவர்கள் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு புதிதாக வீடு வராமல் தடுக்கிறார்கள் என்று ஒரு தம்பி நியாயமாகக் கேட்டிருந்தார். ஆமாம், நடக்கிறது. அடுக்குமாடி வருகிறது என்றதும் திடீரென்று தவளைமேல் பாசம் வந்து கூட்டத்துக்கு வருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை விஷயம் நீச்சல் குளம், தம்பி.

தவளை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தைப் பற்றியும் கிண்டல் செய்திருந்தீர்கள். "கொசு வளர்க்க சட்டமா?" வெர்னல் பூல் என்பார்கள், வசந்தத்தில் நிறைந்து கோடையில் வற்றிவிடும், அதனால் மீன் இருக்காது, மீன் இல்லாததால்தான் காட்டுத் தவளையும் பல்லி மாதிரி இருக்கிற புள்ளிச் சலமாண்டரும் அங்கே வந்து முட்டையிடும். காட்டுத் தவளை குளிர்காலத்தில் இதயம் நின்று உறைந்து கிடந்து, பனி உருகியதும் உயிர்த்து எழுகிற பிராணி. போன வாரம் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றேன். வாத்துக் கூட்டம் மாதிரி ஒரு சத்தம், நாங்கள் நடந்ததும் சட்டென்று நின்றது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றோம், ஒன்று ஆரம்பிக்க, எல்லாம் சேர்ந்துகொண்டன. அந்த வீட்டுப் பெண்ணும் எங்களோடு நின்றாள். எட்டு வயது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

வாட்ஸப் குழுவிலேயே ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டவர்களுக்கு: திறந்த கூட்டச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கமிஷன் வேலையை நாங்கள் பொதுக் கூட்டத்துக்கு வெளியே, மின்னஞ்சலில்கூட, எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது. மேல்முறையீட்டு அவகாசம் முடியாத மனுவைப் பற்றி நான் வாட்ஸப்பில் வாய் திறந்தால் மனுதாரருக்குத்தான் அநியாயம். நான் பேசாமல் இருந்தது பயத்தால் இல்லை, அவருக்காக.

"நம்ம ஆளு" என்பதற்கு வருகிறேன், எனக்கு வலித்தது அதுதான். அவர்கள் வீட்டோடு பழக்கம் உண்டு என்று முன்கூட்டியே செலக்ட் போர்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அன்றைக்கு உட்கார்ந்தேன். கூட்டத்துக்கு முந்தின நாள் கோயிலில் ஒருவர், "அக்கா, நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன கவலை" என்றார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம்ம ஆளு மேசையில் இருந்தால் நம்ம ஆளுக்குக் கையெழுத்து விழும் என்பதற்காகவா நான் இங்கே வந்து இந்த வேலையைப் பிடித்தேன்? அப்பாவின் காகிதங்களில் விழுந்த கையெழுத்துகளும் யாரோ ஒரு நம்ம ஆளு போட்டவைதானே? அந்த ஊரில் எல்லாரும் நம்ம ஆளுதானே?

எங்கள் கமிஷனில் ஜூனில் ஒரு இடம் காலியாகிறது. விண்ணப்பம் டவுன் ஹாலில் இருக்கிறது, இரண்டு பக்கம். சிரித்த பதினான்கு பேரில் யாராவது ஒருவர் போடுங்கள். முதல் சனிக்கிழமைக்கு என் பழைய பூட்ஸைத் தருகிறேன்.

பிப்ரவரியில் ஃப்ளூவில் நான் படுத்தபோது அந்த மனு போட்டவரின் மனைவி மிளகு ரசம் கொண்டுவந்தாள், பெரிய எவர்சில்வர் தூக்கில், கைப்பிடியில் அவள் அம்மா பெயர் வெட்டியது. அது இன்னும் என் அடுக்களை மேடையில்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு நாளாக என்ன செய்து வைத்துக் கொடுப்பது, போனால் கதவைத் திறப்பாளா என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.