பற்றாக்குறைக்குப் பதறுகிறவர்கள் இந்த 85 மணி நேரத்தையும் பார்க்கலாம்

மாதத்தின் நடுவில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கை வெளியிட்டால் போதும், முகநூலில் ஒப்பாரி ஆரம்பித்துவிடும். நாடு திவாலாகிறது என்று ஒரு கூட்டம், எல்லாம் சீனச் சரக்கால் வந்த வினை என்று இன்னொரு கூட்டம். இறக்குமதிச் சரக்கு துறைமுகத்தில் காத்துக்கிடக்கும் நேரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

2024-25இல் சரக்கு வணிகப் பற்றாக்குறை, அதாவது ஏற்றுமதியை இறக்குமதி மிஞ்சிய தொகை, சுமார் 28,300 கோடி டாலர். சின்னத் தொகை இல்லைதான். அதே ஆண்டில் சேவைத் துறையில் 18,800 கோடி டாலரை ஒட்டி உபரி வந்ததை மட்டும் யாரும் பகிர்வதில்லை. இறக்குமதி எல்லாம் வீண்செலவும் இல்லை. கச்சா எண்ணெய் உள்ளே வந்துதான் டீசலாக வெளியே போகிறது. பட்டை தீட்டாத வைரம் வந்தால்தான் சூரத்துக்குப் பிழைப்பு.

அந்தப் பற்றாக்குறைக் கணக்கையே எவ்வளவு நம்பலாம் என்பது தனிக் கதை. 2024 நவம்பரில் தங்க இறக்குமதி 1,486 கோடி டாலர் என்றார்கள். மாதப் பற்றாக்குறை 3,784 கோடி டாலர், வரலாற்றிலேயே அதிகம் என்று தலைப்புச் செய்தி வந்தது. சில வாரங்கள் கழித்துத் தங்கக் கணக்கு 984 கோடி டாலராகச் சுருங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களின் தரவை சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்துக்கு மாற்றும்போது ஒரே தங்கம் இரண்டு முறை பதிவாகிவிட்டதாம்! 500 கோடி டாலர் தங்கம் கணினிக்குள் மட்டுமே இருந்திருக்கிறது. அதற்குள் எத்தனை பேர் எத்தனை கட்டுரை எழுதி முடித்திருந்தார்கள்.

நான் பார்க்கச் சொல்வது வேறு எண். சரக்கு வந்து சேர்ந்ததிலிருந்து அதை வெளியே எடுக்கச் சுங்கம் தரும் 'அவுட் ஆஃப் சார்ஜ்' என்ற இறுதி அனுமதி கிடைக்கும் வரை ஆகும் நேரத்தைச் சுங்கத்துறையே ஆய்வு செய்து வெளியிடுகிறது. 2023 ஆய்வில் துறைமுகங்களின் சராசரி 85 மணி 42 நிமிடம், விமானச் சரக்குக்கு 44 மணி 16 நிமிடம். அரசே வைத்துக்கொண்ட இலக்கு முறையே 48, 24 மணி நேரம். உதிரி பாகம் துறைமுகத்தில் படுத்துக்கிடந்தால் அதை வைத்துச் செய்யும் ஏற்றுமதி ஆர்டரும் சேர்ந்து படுத்துவிடும். டெமரேஜ், டிடென்ஷன் என்று சரக்கும் கண்டெய்னரும் தாமதமானதற்காகக் கட்டும் பணம் பொருளின் விலையில்தான் ஏறும்.

பழியைச் சுங்க அதிகாரிகள் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பைப் போட வேண்டும் என்று 2021இல் சட்டத்தையே திருத்தினார்கள். ஆனாலும் தாமதமாகத் தாக்கல் செய்வது, வரியைக் கடைசி நேரத்தில் கட்டுவது எல்லாம் இறக்குமதியாளர்களின் பழக்கமாகவே இருக்கிறது. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையம், விதை என்றால் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு என்று ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு காத்திருப்பு. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமற்ற மதிப்பீடு, அதாவது வேறு ஊர் அதிகாரி கணினி வழியாகவே ஆவணங்களைச் சரிபார்ப்பது, நல்ல திட்டம், ஆள் பார்த்துச் சலுகை தருவது குறையும். ஆனால் வேறு ஊரில் உட்கார்ந்து ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டு, இங்கிருந்து பதில் போய், அவர் இன்னொன்று கேட்டு... கஸ்டம்ஸ் புரோக்கர்களைக் கேட்டுப் பாருங்கள், நாள் முழுக்கச் சொல்வார்கள்.

இந்த ஆய்வு ஜனவரி முதல் வாரச் சரக்குகளை மட்டும் வைத்துச் செய்யப்படுவது. பற்றாக்குறையை மாதாமாதம் சொல்ல முடிகிற அரசு, துறைமுகம் வாரியாக இந்த மணிக்கணக்கையும் மாதாமாதம் சொல்லட்டும். அனுமதி கிடைத்த பிறகு லாரி கேட்டைத் தாண்ட ஆகும் நேரத்தையும் சேர்த்தே.