டெக்னிக்கல் டைவிங்: முதல் பயிற்சியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க வேண்டும், அதற்கு எந்தப் பயிற்சியில் சேரலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. கிடப்பது ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையோ 40 மீட்டர்; அதைத் தாண்டிப் போவது டெக்னிக்கல் டைவிங். இந்தப் பதின்மூன்று மீட்டரை ஒரே விடுமுறையில் தாண்டிவிடத் துடிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

"நிறுவனத்தைப் பார்க்காதே, பயிற்றுநரைப் பார்" என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஒருமுறைகூட டிகம்ப்ரஷன் நிறுத்தம் (உடலில் கரைந்த வாயு வெளியேற, மேலே வரும் வழியில் நின்று காத்திருப்பது) செய்யாதவர் பயிற்றுநரின் தரத்தை எதைக் கொண்டு அளப்பார்? அவர் போடும் படங்களைக் கொண்டா? முதலில் பேடி, டி.டி.ஐ., ஜி.யு.இ. போன்ற டைவிங் பயிற்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றின் தரவிதிகளையும் படியுங்கள். பேடியின் ‘டெக் 40’ பயிற்சி 40 மீட்டர் ஆழத்தையும் மொத்தம் 10 நிமிட டிகம்ப்ரஷனையும் தாண்டுவதில்லை. டி.டி.ஐ.யில் அட்வான்ஸ்டு நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று), டிகம்ப்ரஷன் புரொசீஜர்ஸ் ஆகிய இரு பயிற்சிகளையும் பெரும்பாலும் சேர்த்தே நடத்துகிறார்கள். எல்லை 45 மீட்டர். ஜி.யு.இ.யின் ஃபண்டமென்டல்ஸ் ஆழத்தைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. உடலைக் கிடையாக வைத்திருப்பது, அசையாமல் மிதப்பது, முதுகிலுள்ள இரட்டைச் சிலிண்டர்களின் வால்வுகளை மூடித் திறப்பது ஆகியவைதான் பாடம். தேறாதவரைத் தேறவில்லை என்றே சொல்லி அனுப்புவார்கள்.

என் வாக்கு இந்தச் சலிப்பூட்டும் பயிற்சிக்குத்தான். டி.டி.ஐ.யின் இன்ட்ரோ டு டெக்கும் இதே வகை. டிகம்ப்ரஷனுக்காக நாம் எடுத்துச் செல்லும் 50 சதவீத ஆக்ஸிஜன் கலவையை 21 மீட்டருக்கு மேலே வந்த பிறகுதான் சுவாசிக்கலாம். கவனம் பிசகி 40 மீட்டரில் அந்தச் சிலிண்டரின் ரெகுலேட்டரை (சுவாசக் கருவியை) வாயில் வைத்தால் ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 2.5 பார் ஆகிவிடும், ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சவரம்பு 1.6. விளைவு வலிப்பாக இருக்கலாம். நீருக்கடியில் வலிப்பு வந்தவர் மூழ்கித்தான் இறக்கிறார். சிலிண்டரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் அந்த ஒரு நிமிடம் ஒரே ஆழத்தில் நிற்க முடியாதவருக்கு 45 மீட்டர் சான்றிதழ் அட்டை எதற்கு?

அடுத்து, ஆழத்தில் சுவாசிக்கும் வாயுவின் அடர்த்தியையும் மயக்கத்தையும் குறைக்கக் கலக்கும் ஹீலியம். விலை அதிகம் என்று அதைத் தள்ளிப்போட்டு, வெறும் காற்றிலேயே 50 மீட்டர் வரை கூட்டிச் செல்லும் பாதைகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு அவை பிடிக்கவில்லை. சுவாசிக்கும் வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டக்கூடாது என்பது ஆய்வாளர்களின் பரிந்துரை. சாதாரணக் காற்று முதல் அளவை 31 மீட்டரிலும் இரண்டாவதை 39 மீட்டர் வாக்கிலும் தொட்டுவிடுகிறது. அதற்குக் கீழே கரியமில வாயு உடலில் தேங்குகிறது, நைட்ரஜன் மயக்கமும் கூடுகிறது. ஹீலியம் வாங்கப் பணம் சேரும்வரை ஆழம் காத்திருக்கட்டும். அதுவரை பயிற்சி செய்ய, அதே நாளில் அதே தாக்குதலில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் மட்டக்களப்புக் கடலிலேயே சுமார் 24 மீட்டரில் கிடக்கிறது.

முதுகில் இரட்டைச் சிலிண்டரா, சைட்மவுண்டா (சிலிண்டர்களை உடலின் பக்கவாட்டில் மாட்டுவது) என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. கூட டைவ் செய்பவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தரவிதிகளைப் படித்து முடித்த பிறகு பயிற்றுநரிடம் போங்கள். கற்பிக்காத நாட்களில் அவர் எந்த ஆழத்தில், எந்த வாயுவில் டைவ் செய்கிறார் என்று கேளுங்கள். கடைசியாக யாருக்கு, எதற்காகச் சான்றிதழ் மறுத்தார் என்றும் கேளுங்கள். "என்னிடம் படித்து யாரும் தோற்றதில்லை" என்று பெருமையாகச் சொன்னால் முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.