இறந்தவர்கள் தேவதூதர்கள் ஆவதில்லை

நல்லவர்கள் இறந்த பிறகு தேவதூதர்களாக மாறிவிடுகிறார்கள் என்று தேவதூதர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையின் நடுவில் ஒரு வரி வருகிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சு அது, சரி. ஆனால் பெரும்பாலான கிறிஸ்தவ சபைகளும் சரி இஸ்லாமும் சரி, அப்படிப் போதிப்பதே இல்லை. தூதர்கள் தனிப் படைப்பு. மனிதன் மண்ணிலிருந்தும் மலக்குகள், அதாவது தூதர்கள், ஒளியிலிருந்தும் படைக்கப்பட்டார்கள் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை.

அப்புறம், தூதர் என்றதும் நம் மனதில் வரும் அந்த வெள்ளைச் சிறகு அழகுக் குழந்தை உருவம். பைபிளில் ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள், ஆபிரகாமின் கூடாரத்துக்கு வரும் மூவர் சாதாரண வழிப்போக்கர்கள் மாதிரிதான் தெரிகிறார்கள், மரத்தடியில் அவர் வைத்த வெண்ணெயும் பாலும் கன்றின் இறைச்சியும் சாப்பிடுகிறார்கள், அவர்களில் இருவர் தூதர்கள் என்பது அடுத்த அதிகாரத்துக்குப் போனால்தான் தெளிவாகிறது. இன்னொரு பக்கம் ஏசாயா தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட சேராபீன்கள் என்ற தூதர்களுக்கு ஆறு சிறகுகள்! அதில் பறப்பதற்கு இரண்டுதான், இரண்டால் முகத்தையும் இரண்டால் கால்களையும் மூடிக்கொள்கிறார்கள். கடவுளுக்கு அத்தனை அருகில் நிற்பவர்களே முகத்தை மூடிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு எத்தனை முறை படித்தாலும் சிலிர்க்கும். குர்ஆனிலும் இரண்டு, மூன்று, நான்கு சிறகுகள் உள்ள மலக்குகள் பற்றி ஃபாத்திர் அத்தியாயத்தின் முதல் வசனமே பேசுகிறது.

பைபிளில் காபிரியேல் தூதன் வந்து நின்றதும் ஆசாரியர் சகரியா பயந்து கலங்கிப்போகிறார், இயேசுவின் தாய் மரியாளிடமும் அந்தத் தூதன் "பயப்படாதே" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பார்த்தவுடன் கொஞ்சத் தோன்றும் குழந்தை உருவம் என்றால் அப்படிச் சொல்லத் தேவையே இருந்திருக்காதே. இறந்தவர்கள் தூதர்களாகிறார்கள் என்ற அந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள், மற்றபடி நல்ல கட்டுரை.