எவோ வரிசையில் கோடு விழுந்தது 9-க்கும் 10-க்கும் நடுவில் இல்லை

மிட்சுபிஷி ராலிப் பந்தயத்துக்காகவே உருவாக்கி, 1 முதல் 10 வரை எண் போட்டு விற்ற லான்சர் எவல்யூஷன் (சுருக்கமாக எவோ) பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: "9 வரைக்கும்தான் எவோ. 10 வேற வண்டி." ஏன் என்று கேட்டால் எஞ்சின் மாறிவிட்டது என்பார்கள். 4ஜி63 என்ற எஞ்சின் போய் 4பி11 என்ற எஞ்சின் வந்தது உண்மை. ஆனால் இந்த வண்டியின் குணம் மாறியது அதற்கு ஆறு வருடம் முன்பு, 2001-இல், 6 போய் 7 வந்தபோது. அப்போது எஞ்சின் அதேதான், அதனால் பலர் கவனிக்கவில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால் முதலில் குரூப் ஏ விதியைப் பார்க்க வேண்டும். அந்த விதிப்படி, உலக ராலியில் ஓட்டும் வண்டியைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டியிருந்தது. முதலில் 5,000 வண்டி என்று இருந்தது, பிறகு 2,500 ஆயிற்று. டர்போ, சஸ்பென்ஷன் அமைப்பு, பாடியின் அகலம், பின் இறக்கை என்று எதுவும் ஷோரூம் வண்டியில் இல்லாவிட்டால் பந்தய வண்டியிலும் பெரிதாகச் செய்ய முடியாது. ஆக ராலி அணிக்கு என்ன தேவையோ அதை விலைக்கு வாங்கியவர் தலையில் கட்டியாக வேண்டும். எவோ 1 முதல் 6 வரை வந்த மாற்றங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால்தான் புரியும்.

அதற்கு முன் மிட்சுபிஷி ஓட்டியது கேலன்ட் விஆர்-4. எஞ்சினும் நாலு சக்கர இழுவையும் நன்றாக இருந்தன, உடம்புதான் பெரிது. வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம், 2,600 மி.மீ. அதே எஞ்சினை 2,500 மி.மீ. வீல்பேஸ் கொண்ட லான்சரில் இறக்கியதுதான் 1992 அக்டோபரில் வந்த எவோ 1. 250 பிஎஸ் (குதிரைசக்தி), சாலைக்கான ஜிஎஸ்ஆர் வகை 1,240 கிலோ. பந்தயத்துக்கான ஆர்எஸ் வகை 1,170 கிலோதான், ஏனென்றால் சொகுசு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். நேராகப் பாயும், வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும். 1994 ஜனவரியில் வந்த எவோ 2-இல் குதிரைசக்தி பத்துதான் கூடியது. அதை விட முக்கியம், வீல்பேஸ் 10 மி.மீ. நீண்டது, இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் கூடியது, டயர் 195-இலிருந்து 205 ஆனது. 1995 ஸ்வீடன் ராலியில் மிட்சுபிஷி ஓட்டுநர் கென்னத் எரிக்சன் இந்த 2-ஐ வைத்துத்தான் ஜெயித்தார். 1995 பிப்ரவரியில் வந்த எவோ 3-இல் எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் 8.5-இலிருந்து 9.0, சக்தி 270 பிஎஸ். முன் பம்பரில் அவ்வளவு பெரிய ஓட்டைகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் பிரேக்குக்கும் காற்று. 1996-இல் மிட்சுபிஷி ஓட்டுநர் டோமி மாக்கினென் தன் முதல் உலக ராலிப் பட்டம் வாங்கிய வண்டி இது.

எவோ 4 (1996 ஆகஸ்ட்) புதிய பாடியில் வந்தது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். அதனால் கியர்பாக்ஸுக்குள் இடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷாஃப்ட் தேவையில்லாமல் போனது, இழப்பும் குறைந்தது. டர்போ ட்வின் ஸ்க்ரோல் ஆனது: 1, 4 சிலிண்டர்களின் புகை ஒரு வழியாக, 2, 3 சிலிண்டர்களின் புகை இன்னொரு வழியாக டர்பைனுக்குப் போகும். ஒன்றின் அழுத்தம் இன்னொன்றைக் கெடுக்காது, அதனால் கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை வரும். ஏஒய்சி என்ற பின் டிஃபரன்ஷியலும் இதில்தான் முதலில் வந்தது. பின்பக்க இடது, வலது சக்கரங்களுக்கு இடையே டார்க்கை (சுழற்று விசையை) மாற்றிக் கொடுத்து வண்டியை வளைவுக்குள் திருப்பும் வேலை அதனுடையது. ஆர்எஸ் வாங்கியவர்களுக்கு இது கிடையாது, ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் சாதாரண மெக்கானிக்கல் எல்எஸ்டிதான். ராலி ஓட்டுபவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். எடை குறைவு, கெட்டுப்போக ஒன்று குறைவு.

இங்கேதான் திருப்பம். 1997-இல் வேர்ல்ட் ராலி கார் என்ற புதிய விதி வந்தது. சாதாரண முன்சக்கர இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு, டர்போ, நாலு சக்கர இழுவை, அகலப்படுத்திய பாடி எல்லாவற்றையும் பந்தய வண்டிக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். சுபாருவும் ஃபோர்டும் டொயோட்டாவும் அந்தப் பக்கம் போனார்கள். மிட்சுபிஷி போகவில்லை, குரூப் ஏ-யிலேயே நின்றது. போட்டியாளர்களின் வண்டி அகலமாகிவிட்டது, நம்முடையதும் ஆக வேண்டும். ஆனால் நம் விதிப்படி அந்த அகலம் கடையில் விற்கும் வண்டியில் இருந்தாக வேண்டும். 1998 ஜனவரியில் வந்த எவோ 5 அந்த நெருக்கடியின் பிள்ளை.

முழு வரிசையிலும் ஒரே அடியில் நடந்த மிகப்பெரிய தாவல் இதுதான் என்பது என் முடிவு. பாடி அகலம் 1,770 மி.மீ. டயர் 205/50ஆர்16-இலிருந்து 225/45ஆர்17. பிரெம்போ பிரேக், முன்னால் நாலு பிஸ்டன், பின்னால் இரண்டு. முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் தலைகீழாகப் பொருத்திய வகை. கோணத்தை மாற்றிக்கொள்ளும் பின் இறக்கை. இத்தனைக்கும் எடை கூடியது பத்து கிலோ அளவுதான். சக்தி அட்டையில் 4-இல் இருந்த அதே 280 பிஎஸ், காரணம் ஜப்பானிய நிறுவனங்கள் அதற்கு மேல் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் வைத்திருந்த ஒப்பந்தம். ஆகவே இந்தக் காலத்து எவோக்களைக் குதிரைசக்தியை வைத்து ஒப்பிடுவது வீண். டார்க்கைப் பாருங்கள்: 4-இல் 353 நியூட்டன் மீட்டர், 5-லும் 6-லும் 373, 7-இல் 383, 8-இல் 392, 9-இல் 400. 1998-இல் மிட்சுபிஷிக்குக் கிடைத்த ஒரே தயாரிப்பாளர் பட்டத்தை இந்த 5-ஐத் தவிர்த்துப் பேச முடியாது.

எவோ 6 (1999) அந்த 5-இன் சூட்டைத் தணித்த வண்டி. நம்பர் பிளேட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனதை ஸ்டைல் என்று நினைப்பவர்கள் உண்டு. இன்டர்கூலருக்கு எதிரே ஒரு தகடு மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதே காரணம். ஆயில் கூலர் பெரிதானது, பனிவிளக்கு சிறிதாகி ஓரமாக ஒதுங்கியது. ஆர்எஸ்ஸுக்கு டைட்டானியம் அலுமினைடு டர்பைன் சக்கரம் கிடைத்தது. மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு பட்டம் வாங்கியதைக் கொண்டாட 2000-இல் வந்ததுதான் 6.5 என்று செல்லமாகச் சொல்லும் டோமி மாக்கினென் எடிஷன். அதில் டர்போவின் கம்ப்ரெஸர் சற்றுச் சிறிது, உச்ச டார்க் 3,000-க்குப் பதில் 2,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். வண்டி 10 மி.மீ. தாழ்வு. சிவப்பு பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரண 6-கள் சந்தையில் நிறையச் சுற்றுகின்றன. இந்த எடிஷனின் முன் பம்பரில் பனிவிளக்குக்கு இடமே கிடையாது, அங்கிருந்து தொடங்குங்கள். பம்பரையும் மாற்றிவிட முடியும் என்பதால் எஞ்சின் அறையில் உள்ள மாடல் குறியீட்டுத் தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

2001 பிப்ரவரியில் எவோ 7 வந்தது. அதே ஆண்டு சான்ரெமோ ராலியில் மிட்சுபிஷியும் கடைசியில் வேர்ல்ட் ராலி காருக்கு மாறியது. அதுவரை அந்த ஆண்டு ஓடியது 6.5-ஐ அடிப்படையாகக் கொண்ட வண்டி. ஆக உலகப் பட்டத்துக்கான அணியின் தேவைக்காக 7-இல் எதையும் வடிவமைக்க வேண்டியிருக்கவில்லை. எடை 1,400 கிலோவைத் தொட்டது. அடுத்த வருடமே ஆட்டோமேட்டிக் கியரோடு ஜிடி-ஏ என்று ஒன்று விட்டார்கள். பந்தய நெருக்கடி இருந்திருந்தால் இந்த யோசனையே யாருக்கும் வந்திருக்காது.

7 மோசமான வண்டி என்று சொல்லவில்லை. சாலையில் 6-ஐ விட அது வேகம். முன், பின் சக்கரங்களுக்கு இடையே சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலில், கெட்டித் திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் கப்ளிங்குக்குப் பதில் ஏசிடி என்ற ஹைட்ராலிக் கிளட்ச் வந்தது. டார்மாக், கிராவல், ஸ்னோ என்று மூன்று நிலை. கைப்பிரேக்கை இழுத்தால் ஏசிடி தானாகவே கிளட்சை விடுவித்துவிடும், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி கொண்டை ஊசி வளைவில் சுலபமாகச் சுழலும். நுணுக்கமான வேலை. ஆனால் திசை மாறிவிட்டது: அகலம், எடை, காற்று என்று போய்க்கொண்டிருந்த வளர்ச்சி, கணினி, ஹைட்ராலிக் பம்ப் என்று போகத் தொடங்கியது. 8-இல் (2003) சூப்பர் ஏஒய்சியும் ஆறு கியரும். 8-இன் எம்ஆர் என்ற வகையில் அலுமினியக் கூரையும் பில்ஸ்டைன் ஷாக்கும். 9-இல் (2005) இன்டேக் பக்கம், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் மைவெக். 10-இல் இவை எல்லாவற்றையும் ஒரே மூளையின் கீழ் கொண்டுவந்த எஸ்-ஏடபிள்யூசி. 7-இல் தொடங்கிய பாதையின் நேர் முடிவுதான் 10. 7, 8, 9-ஐ ராலி வண்டி என்று ஏற்றுக்கொண்டு 10-ஐ மட்டும் தள்ளிவைப்பதில் நியாயம் இல்லை. ஏறக்குறைய ஷோரூம் வண்டியையே ஓட்டும் குரூப் என் ராலிகளில் 7-லிருந்து 9 வரை சக்கைப்போடு போட்டன என்று பதில் வரும். சரிதான், 10-உம் அங்கே ஓடியது.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு.

4ஜி63 உள்ள எந்த எவோவாக இருந்தாலும் முதல் கேள்வி டைமிங் பெல்ட். இதில் பெல்ட் ஒன்றல்ல, இரண்டு. பெரியது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் ஆயில் பம்பையும் ஓட்டும். அதன் பின்னால் சின்னதாக ஒன்று, எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பெல்ட். சின்னது அறுந்தால் பெரியதின் பல்லுக்குள் போய்ச் சிக்கி அதையும் இழுத்துப்போடும். பிஸ்டன் வால்வில் இடிக்கும் வகை எஞ்சின் இது, அதோடு ஹெட் வேலைதான். பெரிய பெல்ட்டை மட்டும் மாற்றியதாக பில் காட்டினால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெல்ட், டென்ஷனர் புல்லி, ஐட்லர், ஹைட்ராலிக் டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம், கிராங்க் ஆயில் சீல் எல்லாம் ஒரே தடவையில் போக வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை காத்திருக்கலாம் என்பது புது வண்டிக்கான கணக்கு. இருபது வருடப் பழைய ரப்பருக்குப் பொருந்தாது.

பெல்ட் மாட்டும்போது நல்ல மெக்கானிக்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆயில் பம்ப் ஸ்ப்ராக்கெட்டின் குறி சரியாக நின்றாலும், அதன் வழியாக ஓடும் பேலன்ஸ் ஷாஃப்ட் பாதிச் சுற்று தப்பி நிற்கலாம். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள பிளக்கைக் கழற்றி, 8 மி.மீ. தண்டுள்ள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட வேண்டும். 60 மி.மீ.க்கு மேல் போனால் சரி. 20, 25 மி.மீ.யில் முட்டி நின்றால் ஸ்ப்ராக்கெட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி பார்க்க வேண்டும். இதை விட்டால் எஞ்சின் ஓடும், உயர் ஆர்பிஎம்மில் ஸ்டீயரிங் வரை அதிரும். எஞ்சின் மவுண்ட் போய்விட்டது என்று அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெல்ட் மாட்டி முடித்ததும் கிராங்கை எஞ்சின் சுழலும் திசையில் இரண்டு சுற்று சுற்றி, 15 நிமிடம் விட்டு, ஹைட்ராலிக் டென்ஷனரின் கம்பி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். 3.8 முதல் 4.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பேலன்ஸ் ஷாஃப்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கமும் உண்டு. டிராக்குக்கு மட்டும் போகும் வண்டிக்குச் சரி, தினம் ஓட்டும் வண்டியில் அந்த நடுக்கம் எரிச்சல்.

அடுத்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்பைன் ஹவுசிங்கும். ஹீட் ஷீல்டைக் கழற்றிப் பார்க்காமல் விரிசல் தெரியாது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் அது அடங்கினால் சந்தேகப்படுங்கள்.

ஏஒய்சி, ஏசிடி உள்ள வண்டியில் அதன் ஹைட்ராலிக் ஆயிலை எத்தனை பேர் மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றுபவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. எஸ்பி 3 வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில்) தவிர வேறு ஊற்றக் கூடாது. பின் டிஃபரன்ஷியலில் கியர் பகுதிக்கு ஒரு ஆயில், கிளட்ச் பகுதிக்கு இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்து நிரப்பினால் கிளட்ச் பிளேட் போச்சு. மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து முனகல் வந்தால் ஆயில் கெட்டிருக்கிறது அல்லது பிளேட் தேய்ந்திருக்கிறது. 10-இல் பம்ப் பின்சக்கரத்துக்குப் பின்னால், சேறும் உப்புத் தண்ணீரும் அடிக்கும் இடத்தில் இருக்கிறது. துருப்பிடித்தால் டேஷ்போர்டில் எஸ்-ஏடபிள்யூசி எச்சரிக்கை வரும். சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தத்தை, ஏற்றும் எண்ணம் இருந்தால் ஆறு கியர் பெட்டியை விட ஐந்து கியர் பெட்டிதான் தாங்கும். ஆறு கியரை நுழைக்க ஒவ்வொரு கியரின் பல்லும் ஒல்லியாகிவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த வண்டி அங்கத்திய உயர் ஆக்டேன் பெட்ரோலுக்காக டியூன் செய்தது. 95 ஆக்டேன் மட்டும் கிடைக்கும் ஊரில் ஈசியூவை (எஞ்சினை இயக்கும் கணினியை) அதற்கேற்ப மாற்றாமல் ஓட்டினால் நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது, வரும். ஈசியூ இக்னிஷனைப் பின்னால் தள்ளும், வண்டி மந்தமாகும். அதையும் மீறி மிதித்தால் பிஸ்டனுக்கு ஆபத்து.

10-க்கு வருவோம். 4பி11டி அலுமினியம், சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் ஒரே 86 மி.மீ. உள்ள சதுர எஞ்சின், டைமிங் செயின். பெல்ட் தலைவலி போனது, ஆனால் ஆயிலை அலட்சியம் செய்தவர்களின் ஆரம்பகால வண்டிகளில் செயின் நீண்டுவிடுவது உண்டு. குளிர் ஸ்டார்ட்டில் கரகரப்பு கேட்டால் செயினை அளக்கச் சொல்லுங்கள். இரட்டைக் கிளட்ச் கொண்ட எஸ்எஸ்டி கியர்பாக்ஸ் வேகமாக மாற்றும், ஆனால் சூடு தாங்காது. அதற்கான எஸ்எஸ்டிஎஃப்-1 ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய ரசீது இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். டிராக் ஆசை இருப்பவர் ஐந்து கியர் மேனுவலையே தேடட்டும். மிட்சுபிஷியே 2015-இல் ஜப்பானில் விட்ட 1,000 ஃபைனல் எடிஷனிலும் ஐந்து கியர் மேனுவல்தான் போட்டது.