ஒரே சிராய்ப்பு இரண்டு தடவை வந்தால் அது கைவேலை இல்லை

சினிமா டைட்டில், டி-ஷர்ட், ஜூஸ் கடை போர்டு என்று எங்கு பார்த்தாலும் இப்போது மை உதிர்ந்த, தடித்த தமிழ் எழுத்துதான். அழகான பாணி, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படியொரு எழுத்துருவில் (ஃபான்ட்) 'பட்டம்' என்று அடித்ததும் இரண்டு ட-விலும் அதே மூலையில் அதே சிராய்ப்பு வந்தால் குட்டு அங்கேயே உடைந்துவிடும்.

தீர்வு பழையதுதான். 1993-இல் வெளிவந்த எஃப்எஃப் கோஸ்மிக் எழுத்துருவில் எழுத்துக்கு மூன்று வடிவம் வைத்து மாற்றி மாற்றி விழச் செய்தார்கள். இன்று ஓபன்டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பில், பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்று வடிவத்தைப் போடும் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட் விதி அதே வேலையைச் செய்யும். தமிழில் 247-க்கும் மூன்று மூன்று வரைய வேண்டியதில்லை. க, ட, த, ப, ம, ர, துணைக்கால் ஆகியவற்றுக்குச் செய்தாலே பெரும்பாலும் போதும். புள்ளியை எழுத்தோடு ஒட்டாமல் தனிக் குறியாக வைத்து அதற்கும் மூன்று வடிவம் கொடுங்கள். மூன்று ட, மூன்று புள்ளி சேர்ந்தால் 'ட்' என்பதற்கு ஒன்பது தோற்றம் கிடைத்துவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான்: விதியில் 'இக்னோர் மார்க்ஸ்' (புள்ளி போன்ற குறிகளைக் கண்டுகொள்ளாதே என்ற கட்டளை) போடாவிட்டால் நடுவில் நிற்கும் புள்ளி மறைத்துவிடும், 'ட்ட' அடுத்தடுத்து வருவதே விதிக்குத் தெரியாது.

கணினியில் ஃபில்டர் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தை லினோவில் (செதுக்கி அச்செடுக்க உதவும் மென்மையான தகடு) ஆறேழு சென்டிமீட்டர் உயரத்துக்குச் செதுக்கி, உருளையில் மையைக் குறைத்துக்கொண்டே பல பிரதி எடுங்கள். மை குறைந்த பிரதிகள் அப்படியே மாற்று வடிவங்களாகிவிடும். 1200 டிபிஐ துல்லியத்தில், கிரேஸ்கேலில் (சாம்பல் சாயல்களோடு) ஸ்கேன் செய்து அதன்பிறகு கறுப்பு வெள்ளையாக்கி டிரேஸ் செய்யுங்கள், அதாவது படத்தின் விளிம்பைக் கோடுகளாக மாற்றுங்கள். டிரேஸ் செய்தபடியே விட்டால் ஓர் எழுத்துக்கு ஆயிரக்கணக்கான நோடுகள் (கோட்டை வரையறுக்கும் முனைகள்) தங்கி மென்பொருள் திணறும். எழுத்து வரையப்படும் 1000 அலகு கட்டத்தில் 10 அலகுக்குக் குறைந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடலாம். 72 பாயின்ட்டில் அது கால் மில்லிமீட்டர்தான். ஸ்கிரீன் பிரின்டிங்கில் மை நிரம்பி எப்படியும் மூடிக்கொள்ளும். ஒட்டுவதற்கு வினைல் தாளில் எழுத்தை வெட்டுபவருக்கோ அந்தத் துணுக்குகள் வெறும் தலைவலி.

சேதம் எங்கே விழலாம் என்பதில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ர-வின் அடிக்கால் தேய்ந்தால் 'மரம்' என்பது 'மாம்' ஆகிவிடும். ண-வின் சுழி ஒன்று அடைபட்டால் 'பணி' என்பது 'பனி'. புள்ளி உதிர்ந்தால் சொல்லே போயிற்று. தடித்த எழுத்தில் சுழிகளுக்குள் இடம் ஏற்கெனவே குறைவு என்பதால் ண, ஞ இரண்டுக்கும் ட-வைவிடக் கோட்டை மெலிதாக்கி, சிராய்ப்பை அகன்ற நேர்கோடுகளில் மட்டும் வையுங்கள்.

ஒரே ஒரு டைட்டிலுக்கு என்றால் எழுத்துருவே தேவையில்லை. அந்த நாலைந்து எழுத்தையும் கையால் எழுதி ஸ்கேன் செய்துகொள்வதுதான் சரி. எழுத்துருவாகவே விற்பதென்றால் 'பணி, மரம், பட்டம், கொக்கு, ஞாயிறு' என்று அடித்து அச்செடுத்து, அதை முன்பின் பார்க்காத ஒருவரிடம் எட்டடி தள்ளி நின்று வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் எழுத்தில் சிராய்ப்பைக் குறைத்துவிட்டு மறுபடி அச்செடுங்கள்.