விண்டோஸ் 10 கணினி நின்றுவிடாது

"விண்டோஸ் 10 கணினி இனி ஓடாது, படங்கள் எல்லாம் அழிந்துவிடும், உடனே புதுசு வாங்குங்கள்" என்று தர்மபுரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. 2025 அக்டோபர் 14-ல் நின்றது மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்பு அப்டேட்டும் தொழில்நுட்ப உதவியும்தான். கணினி ஓடும், கோப்புகள் எங்கும் போகாது.

அதற்காக அலட்சியமும் வேண்டாம், குறிப்பாக நெட் பேங்கிங் செய்பவர்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியா என்று அங்கேயே தெரியும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், குறைந்தது 4 ஜிபி ரேம் கட்டாயம். பழைய கணினிகள் பல, பிராசஸர் பழையது என்பதாலேயே தகுதி பெறாது. சரி, தகுதி இல்லையா? அதே பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11-க்கு மாற்றுவதாக இருந்தால் பிள்ளைகளின் சான்றிதழ், பட்டா நகல்களை முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிக் கடன் வாங்கிப் புதுக் கணினி வாங்க யாரும் ஓட வேண்டாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.