ஒண்ணுமே இல்லாத ஒரு சட்டை கொடுங்கய்யா!

"ப்ளெயினா? ப்ளெயின்னா எப்படி தம்பி?"

கேட்டது யாரோ வழிப்போக்கன் இல்ல. தி.நகர்ல அஞ்சு மாடி ஜவுளிக்கடையில, கழுத்துல இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டுக்கிட்டு, சட்டை வித்து வித்தே தலை நரைச்சுப்போன மனுஷன். அவருக்கு நான் ப்ளெயின் சட்டைன்னா என்னன்னு விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்கிறேன். "ஒண்ணுமே இருக்கக் கூடாதுண்ணே. பூ வேணாம், கோடு வேணாம், எழுத்து வேணாம். துணி, காலர், பட்டன், அவ்வளவுதான்." ஓட்டல்ல போய் வெறும் இலையை மட்டும் போடுங்கன்னு கேட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

வெளிர் நீலம். முழுக்கை. 800 ரூபாய்க்குள்ள. பட்டுல சரிகை வச்சா கேட்டேன்?

முதல் சட்டையை எடுத்து உதறினார். நீலம்தான். மனசு குளிர்ந்துச்சு. காலரைத் திருப்பிப் பார்த்தா உள்பக்கம் பூரா சிவப்புப் பூ. கை மடிப்புலயும் அதே பூ. "உள்ளதான் தம்பி இருக்கு, வெளிய தெரியாது." தெரியாத இடத்துல எதுக்குண்ணே பூ? "கையை மடிச்சு விட்டா தெரியும்ல, அதான் ஸ்டைலு."

ரெண்டாவது சட்டையில பூ இல்ல. பாக்கெட்டுல ஒரு மிருகம் இருக்கு. குதிரைன்னு நெனச்சுத்தான் யாரோ எம்பிராய்டரி போட்டிருக்கணும், பாதியில நூல் தீர்ந்து ஆடாப் போயிடுச்சு. மேல ஒருத்தன் உக்காந்திருக்கான், அவனுக்குத் தலை இல்ல. "லோகோ இருந்தாத்தான் தம்பி ஒரு கெத்து."

மூணாவதுல மிருகமும் இல்ல. ஆனா தோள்ல ரெண்டு பக்கமும் பட்டி வச்சு, பட்டன் போட்டு வச்சிருக்கான். எந்த ரெஜிமென்ட்டுக்குண்ணே என்னைச் சேர்க்கிறீங்க? நாலாவது கிட்டத்தட்ட ப்ளெயின்தான். நீலத் துணி, நீலப் பட்டன், நான் கையைத் தூக்கிக் கும்பிடப் போறேன், கடைசி காஜா மட்டும் ரத்தச் சிவப்புல. ஏன்? யார் கேட்டது? அத்தனை காஜாவையும் நீல நூல்ல போட்டுட்டு, கடைசி ஒண்ணுக்கு மட்டும் எழுந்து போய் நூல்கண்டை மாத்திட்டு வந்து போட்டிருக்கான் பாருங்க, அந்த அக்கறையில கால்வாசியைச் சைடு தையல்ல காட்டியிருந்தா அக்குள் கிழியாம இருந்திருக்கும்.

அஞ்சாவது முன்பக்கம் சுத்த ப்ளெயின். எனக்குச் சந்தேகம். "திருப்புங்கண்ணே." "முன்னாடி நல்லா இருக்குல்ல தம்பி?" "திருப்புங்க." திருப்பினா முதுகுல கொட்டை எழுத்துல 'நெவர் கிவ் அப்'. மூணு வரி. கடைசி வரி இடுப்புக்குக் கீழ. டக்-இன் பண்ணா 'அப்' பேன்ட்டுக்குள்ள போயிடும்ணேன்னு சொன்னேன். "அது டக்-இன் பண்ற சட்டை இல்ல தம்பி, வெளிய விடுற சட்டை." ஆபீஸுக்குன்னு கேட்டவனுக்கு!

நீங்களும் இதே மாடியில இதே மாதிரி நின்னவங்கதான், தெரியும். காசு குறையக் குறைய சட்டையில அலங்காரம் ஏறிக்கிட்டே போறதைக் கவனிச்சிருக்கீங்களா? 500 ரூபாய்ச் சட்டையில ஜிப்பு, பட்டி, பூ, பறவை, இங்கிலீஷ் வாக்கியம், எல்லாம் இருக்கும். 2,500 ரூபாய்ச் சட்டையில ஒண்ணும் இருக்காது. காசு கொடுக்கிறவனுக்கு வெறுந்துணி, காசில்லாதவனுக்குக் கண்காட்சி. இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. வெறுந்துணியில எதையும் மறைக்க முடியாது. நூல் முடிச்சு, சாயத் திட்டு, தையல் இழுத்துப் பிடிச்ச சுருக்கம், பட்டி நேரா நிக்காம கோணிக்கிட்டுப் போறது, எல்லாம் பளிச்சுனு காட்டிக்கொடுத்துடும். நல்ல துணியும் நல்ல தையலும் இருந்தாத்தான் ஒண்ணுமே இல்லாத சட்டை பார்க்க நல்லா இருக்கும். அது இல்லாத இடத்துல ஒரு கிளியைப் போட்டு மூடு. அந்தக் கிளியைச் சுமந்துக்கிட்டு நான் மேனேஜர் முன்னாடி போய் நிக்கணும்.

இந்த லட்சணத்துல "பசங்களுக்கு பட்ஜெட் ஸ்டைல்"னு வீடியோ போடுறானே ஒருத்தன், அவன் கையில கிடைச்சான்னா! "உங்க அலமாரியில இருக்க வேண்டிய பேசிக்ஸ்"னு ஆரம்பிப்பான். வெள்ளைச் சட்டை 2,999. லினன் பேன்ட் 3,500. வெள்ளை ஷூ, அது ஒரு 6,000. எல்லாத்தையும் கூட்டினா என் பாதி மாசச் சம்பளம். கடைசியில "கான்ஃபிடன்ஸ்தான் ப்ரோ பெஸ்ட் அவுட்ஃபிட்"னு முடிப்பான். அப்ப அந்தக் கான்ஃபிடன்ஸை மட்டும் மாட்டிக்கிட்டு நீ மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கிக் காட்டு ப்ரோ, பார்ப்போம்.

வரி குறைஞ்சிடுச்சுன்னு வேற எல்லாரும் குதிச்சாங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 2,500 ரூபாய் வரைக்கும் உள்ள உடுப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தானாம். முன்னாடி ஆயிரத்தைத் தாண்டினா 12. ரொம்ப சந்தோஷம். நான் என்னைக்குய்யா ஆயிரத்தைத் தாண்டினேன்? எனக்கு அப்பவும் 5, இப்பவும் 5. சலுகை என் தலைக்கு மேல பறந்து போச்சு.

கதைக்கு வர்றேன். "சரிண்ணே, நீலம் வேணாம். வெள்ளை இருக்கா?" அவர் முகத்துல மரியாதை கூடிடுச்சு. "வெள்ளைன்னா கீழ வேட்டி செக்ஷன். எந்தக் கட்சி தம்பி?" கறுப்பு கேட்டேன். "மாலை போட்டிருக்கீங்களா?" இந்த ஊர்ல ஒரு சின்னப்பையன் வெறும் வெள்ளைச் சட்டை போட்டா வார்டு செயலாளர், கறுப்பு போட்டா ஐயப்ப சாமி, இல்லைன்னா பெரியார் கட்சி. சும்மா பிடிச்சிருக்குன்னு போடுறதுக்கு ஒரு கலர் மிச்சம் வைங்கய்யா.

அடர் பச்சையில ஒண்ணு தொங்குச்சு, அதையாவது பார்ப்போம்னு கையை நீட்டினேன். அவர் சட்டையை என் தோள்ல வச்சு, கண்ணாடியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ரொம்ப அக்கறையா, "உங்க கலருக்கு இது எடுக்காது தம்பி"ன்னார். அவர் என்னைவிட ரெண்டு ஷேடு கறுப்பு. அந்த மாடியில வேலை செய்யுறவன், வாங்க வந்தவன், கூட வந்த சித்தப்பா, ட்ரையல் ரூம் வாசல்ல தூங்குற தாத்தா, எல்லாரும் என் கலர்தான். பொம்மை மட்டும் பால் வெள்ளை. எந்தச் சட்டையும் எங்க கலருக்கு எடுக்காதுன்னா, இந்த அஞ்சு மாடியும் யாருக்குய்யா கட்டி வச்சிருக்கீங்க, அந்தப் பொம்மைக்கா?

அவரைச் சொல்லியும் குத்தமில்ல. காலையிலேர்ந்து நிக்கிறார். வேலை நேரத்துல உக்கார இடம் தரணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டமே போட்டாங்க. அந்த மாடியில ஸ்டூல்னு ஒரு வஸ்துவை நான் பார்க்கல. சரி, இரக்கம் போதும். ஏன்னா அடுத்து அவர் சொன்னது, "இது ப்யூர் காட்டன் தம்பி, பாலியஸ்டர் மிக்ஸ்."

இதை ஒரே மூச்சுல, கண்ணைச் சிமிட்டாம சொல்றார். லேபிள்ல காட்டன் 40, பாலியஸ்டர் 60. சென்னையில மே மாசம் அதைப் போட்டுக்கிட்டு கிண்டியிலேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோ ஏறினா, இறங்கும்போது முதுகுல ஒரு தேச வரைபடம் இருக்கும்.

சைஸ் கதை தனி. என் சைஸ் 40. எந்த 40? அங்கதான் இருக்கு சூட்சுமம். பிராண்டு ஃபார்மல் சட்டையில 39, 40, 42-ன்னு போட்டிருக்கிறது கழுத்துச் சுத்து, சென்டிமீட்டர்ல. உள்ளூர்ச் சரக்குல அதே 40 மார்புச் சுத்து, இஞ்ச்ல. இதை எந்தக் கடையிலயாவது, யாராவது, வாயைத் திறந்து சொல்லியிருக்காங்களா? ஒரு 40-ஐ மாட்டினா பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவுல பனியன் எட்டிப் பார்க்குது. இன்னொரு 40-ஐ மாட்டினா உள்ள நானும் இருக்கேன், இன்னொருத்தருக்கும் இடம் இருக்கு. "ஸ்லிம் ஃபிட் தம்பி, உடம்பைக் குறைச்சா சரியா இருக்கும்." சட்டையை மாத்தச் சொன்னா என்னை மாத்தச் சொல்றாங்க. ட்ரையல் ரூம்ல வேற கொக்கி கிடையாது. போட்டிருந்த சட்டையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு புதுச் சட்டைக்குப் பட்டன் போடுறேன், வெளிய ஒருத்தன் தாழ்ப்பாளைப் பிச்சு எடுக்கிறான்.

அட, துணி எடுத்துத் தைச்சுக்கோயேன்னு சொல்லப் போற பெரியப்பாக்களே, வாங்க. 58 இஞ்ச் பன்னாவுல, அதாவது துணியோட அகலம் 58 இஞ்ச்னா, 1.6 மீட்டர் எடுக்கணும், 36 பன்னான்னா ரெண்டேகால், ரெண்டரை. சுமாரான காட்டன் எடுத்தாலே என் 800-ல முக்கால்வாசி காலி. மேல தையல்கூலி. அதுவும் டெய்லர் அண்ணன்கிட்ட 'பாடி கொஞ்சம் பிடிச்சுத் தைங்கண்ணே'ன்னு சொன்னா, "வளர்ற பையன், லூசா இருக்கட்டும்"பார். எனக்கு 26 வயசு அண்ணே. இனிமே வளர்ந்தா தொப்பைதான்.

"திருப்பூர் போடா, காதர்பேட்டையில அள்ளிட்டு வரலாம்." அது பனியன் ஊரு. டி-ஷர்ட்டுக்குப் போகலாம், எக்ஸ்போர்ட்ல தங்கின சரக்கு நிஜமாவே நல்லா இருக்கும். நான் கேட்கிறது காலர் வச்ச நெசவுத்துணிச் சட்டை. அதுக்குப் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போய்த்தான் இல்லைன்னு தெரிஞ்சுக்கணுமா?

கடைசியா என்ன ஆச்சு தெரியுமா? படி இறங்கிக்கிட்டு இருக்கேன். மூணாவது மாடி, ஒரு மூலை. பார்த்தேன். வெளிர் நீலம். ப்ளெயின். பூ இல்ல, ஆடு இல்ல, பட்டி இல்ல, திருப்பினா முதுகுல ஒரு எழுத்து இல்ல. எல்லா காஜாவும் ஒரே நிறம். அடுக்கடுக்கா, எல்லா சைஸும். விலை 450. அழுகையே வந்துடுச்சு. நிமிர்ந்து போர்டைப் படிச்சேன்: 'யூனிஃபார்ம் பிரிவு'.

அங்க இருந்த அக்கா கேட்டாங்க, "எந்த கம்பெனி செக்யூரிட்டி தம்பி? பேட்ஜ் வைக்கணுமா?"

வாங்கிட்டேன். ஆமா, வாங்கிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? போட்டுப் பார்த்தா சும்மா சொல்லக் கூடாது, அளவெடுத்துத் தைச்ச மாதிரி உக்காந்துச்சு. திங்கட்கிழமை இஸ்திரி போட்டு, டக்-இன் பண்ணி, ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன். ஒரு கார் வந்து நின்னுச்சு. கண்ணாடி இறங்குச்சு. "விசிட்டர் பார்க்கிங் எந்தப் பக்கம்ணா?" இடது பக்கம் போய் ரெண்டாவது கேட்டுன்னு கையைக் காட்டிட்டேன். ரிவர்ஸ் எடுக்கக் கஷ்டப்பட்டார்னு "வரலாம், வரலாம்"னு தட்டியும் விட்டேன். மேல மீட்டிங் ரூம்ல அதே ஆள் எதிர்ல உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். அவர் சட்டை வெளிர் நீலம், ப்ளெயின்.

அதெல்லாம் போகட்டும். பில் போடுற இடத்துல எதுக்குய்யா எல்லாரும் மொபைல் நம்பர் கேக்குறீங்க? வாடிக்கையாளரை நம்பர் கொடுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023-லயே மத்திய அரசு கடைக்காரங்களுக்கு எடுத்துச் சொல்லியாச்சு. "நம்பர் இல்லாம பில் போகாது சார்"னு அந்தப் பொண்ணு சொல்லுது, பின்னாடி வரிசையில நிக்கிறவர் 'உச்' கொட்டுறார், கொடுத்துத் தொலைச்சேன். நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு அம்மா கூப்பிட்டு, மறைமலை நகர் பக்கத்துல கேட்டட் கம்யூனிட்டி மனை, ஆரம்ப விலை 38 லட்சம், இந்த ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்டுக்கு வண்டி அனுப்பட்டுமா சார்னு கேக்குறாங்க. அனுப்புங்கம்மா, வர்றேன். மதியம் சாப்பாடு உண்டா?